ஒட்டுப் போடத் தெரிந்த கைக்கு ஒரு பூவேலை



என் தாயார் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். காண்டா கம்பைத் தோளில் வைத்து, இருபுறமும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு நடந்த நடையில், அவருடைய வேலைச் சட்டை எப்போதும் தோள்பட்டையில்தான் முதலில் கிழியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அஞ்சடியில் உட்கார்ந்து அந்தக் கிழிசலுக்கு ஒட்டுப் போடுவார். கிழிசலைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு துண்டுத் துணியை எடுத்து, அதன் நான்கு ஓரங்களையும் உள்ளே மடித்து நகத்தால் அழுத்துவார். மடிப்பின் விளிம்பிலேயே பொடித் தையலாகப் போட்டுக்கொண்டு போவார். ஒரு நூல்கூட வெளியே தொங்காது. திங்கட்கிழமை அந்தச் சட்டை மறுபடியும் கம்பைத் தாங்கும்.

பல ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், கைவினை வகுப்பில், ‘அப்ளிக்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி விளக்கம் சொன்னார்கள். ஒரு துணியின்மேல் வேறு துணியில் வெட்டிய பூவையோ பறவையையோ வைத்து, அதன் ஓரத்தை உள்ளே மடித்து, தையல் கண்ணுக்குத் தெரியாமல் தைப்பதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் அம்மா போட்ட ஒட்டுதானே! அம்மாவின் ஒட்டு கிழிசலை மறைத்தது. இந்த ஒட்டு கிழியாத துணியின்மேல் அழகுக்காக வைப்பது. மற்றபடி கை செய்யும் வேலை ஒன்றேதான்.

இவ்வாறு தைத்த மேல்துணிக்கு அடியில் ஓர் அடுக்கும், அதற்கும் கீழே ஓர் அடுக்கும் வைத்து மூன்றையும் ஊடுருவித் தைத்தால், அதைக் குவில்ட் என்று சொல்கிறார்கள். அடுக்குப் போர்வை என்று நாம் சொல்லலாம். நம் ஊர் வெக்கைக்கு நடுவில் பஞ்சு தேவையில்லை. நைந்த பருத்திச் சேலை ஒன்று போதும். இன்று போர்வைவரை போகப் போவதில்லை. மேல்துணியில் ஒட்டு வேலை பழகுவதற்கு என்னென்ன கருவிகளும் துணிகளும் வேண்டும் என்பதை மட்டும் பார்ப்போம்.

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த கலை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டுக் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் ஒட்டு வேலைதான். திருவாரூர் ஆழித்தேரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அத்தகைய சீலைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று துணிகளை வெட்டி உருவங்களாக வைத்துத் தைப்பார்கள். சில இடங்களில் வெட்டிய ஓரத்தின்மேல் நூற்கயிற்றை வைத்துத் தைத்து மூடுவதும் உண்டு. வடக்கே ஒடிசாவில், புவனேஸ்வரத்திலிருந்து பூரிக்குப் போகும் வழியில் பிப்பிலி என்ற ஊர் இருக்கிறது. பூரி ஜெகந்நாதர் கோயிலுக்கு வேண்டிய துணி விதானங்களையும் குடைகளையும் தைத்துக் கொடுத்தே பெயர் பெற்ற ஊர். அங்கே துணியின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்பதே வழக்கம். சிந்து, குஜராத், ராஜஸ்தான் பக்கத்துப் பெண்கள் பழந்துணியைக் கொண்டே ‘ரல்லி’ என்னும் போர்வைகளைத் தைக்கிறார்கள். ஆகவே கூச்சம் வேண்டாம். நம் வீட்டுப் பழந்துணிக்கும் இந்தக் கலைக்கும் உறவு நெடுநாளையது.

பிறகு ஏன் கருவிகளைப் பற்றித் தனியாக ஒரு பேச்சு? கையிலிருக்கும் ஊசியை எடுத்து ஆரம்பித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில் தாய்மார்களுக்காக மாலை வேளையில் தையல் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பள்ளியைச் சுற்றி இப்போது ரப்பர் மரம் கிடையாது, செம்பனைதான். லயங்களும் போய்விட்டன. தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி செய்து, ஈப்போ பக்கத்து அடுக்குமாடி வீட்டுக்குப் போன ஒரு பெரியம்மா, பேத்தியோடு வகுப்புக்கு வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து பழைய கைலி ஒன்றை எடுத்தார். காலமான கணவர் வேலைக்குக் கட்டிக்கொண்டு போன கைலி. “டீச்சர், இதை வெச்சு பேத்திக்கு ஏதாவது தைக்க முடியுமா? பெட்டியில கிடந்து பூச்சி அரிக்குது” என்றார்.

விரித்துப் பார்த்தேன். ஆங்காங்கே ரப்பர் பால் பட்டுக் காய்ந்து, தோல்போலத் தடித்திருந்தது. பால் கறை துணியில் காய்ந்துவிட்டால் துவைத்தாலும் போகாது என்பது உங்களுக்கே தெரியும். அந்த இடத்தில் மெல்லிய ஊசி இறங்காது, இறங்கினாலும் பிடித்துக்கொள்ளும். கறை இல்லாத பகுதிகளைக் கூட்டிப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துத் துண்டுகளாகக் கொஞ்சம்தான் தேறியது. தவறாக வெட்டிவிட்டால் வேறு கைலி வாங்கி வரலாமா? ஈப்போ லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் அந்தக் கைலி கிடைக்காது.

நாம் இந்த வேலைக்கு எடுக்கும் துணி பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். அம்மாவின் சேலை, பிள்ளையின் முதல் சட்டை, இல்லாமல் போனவர்களின் துணி. ஆதலால் முதலில் சரியான கருவி, அடுத்து வீணானாலும் பரவாயில்லை என்ற துணியில் பழக்கம், கடைசியாகத்தான் பெட்டியிலிருக்கும் துணி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காசு கொடுத்து வாங்க வேண்டியவை மூன்று. ஊசி, நூல், சிறிய கத்தரிக்கோல். மற்றவை ஏறக்குறைய எல்லாமே வீட்டில் இருக்கின்றன. தையல் பெட்டி என்று அழகாக அடைத்து விற்கிறார்களே, அதை வாங்க வேண்டாம். அதில் இருக்கும் பாதிப் பொருள் நமக்கு ஆகாது. ஊசியோ பொத்தான் தைக்கத்தான் ஆகும்.

ஊசிக்கு எண் உண்டு. எண் கூடக் கூட ஊசி மெல்லிதாகும். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஷார்ப்ஸ்’ என்ற வகையில் 10 அல்லது 11-ஆம் எண் ஊசி கேட்டு வாங்குங்கள். தடித்த ஊசி மடிப்பின் விளிம்பில் பெரிய துளை போடும். அந்தத் துளை வழியே தையல் வெளியே தெரியும். மெல்லிய ஊசி மடிப்பின் ஓரத்தில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் பற்றிக்கொண்டு வெளியே வரும். அதோடு, இந்த வேலையில் ஊசிக்குத் தைப்பதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. அதன் நுனியால்தான் துணியின் ஓரத்தை உள்ளே தள்ளி மடிக்கிறோம். ஓரம் வழுக்கிக்கொண்டு மடியாவிட்டால், பல் குத்தும் மரக்குச்சியை லேசாக நனைத்து அதனால் தள்ளிப் பாருங்கள். ஈர மரம் துணி இழையைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பெரியம்மா ஊசியைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “என் கை மரம் சீவுற கத்தி பிடிச்ச கை டீச்சர். இது முடி மாதிரி இருக்கு, எனக்குத் தெரியவே தெரியாது” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. காய்ப்பேறிய விரலுக்கு மெல்லிய ஊசி சட்டென்று தட்டுப்படாது. காய்ப்பின் சொரசொரப்பில் நூலும் சிக்கும். இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னேன். ஆனால் எண்ணெய்க் கையோடு துணியைத் தொடக்கூடாது. கண்ணுக்கு வேறு வழி. நாற்பது வயதுக்குமேல் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் இயல்பு, எனக்கும் வந்துவிட்டது. படிக்கும் கண்ணாடி ஒன்று இல்லாமல் இந்த வேலைக்கு உட்கார்ந்து, எனக்கு வராது என்று எழுந்துவிடாதீர்கள். ஊசியில் நூல் கோப்பதைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். பத்து ஊசிகளில் முன்கூட்டியே கோத்துக் குத்தி வைத்தால் ஒரு மாலைக்குப் போதும்.

ஆனால் ஊசி பிடிபட்டபின் அந்த அம்மாள் போட்ட தையலை வகுப்பில் வேறு யாரும் போடவில்லை. மரம் சீவுவதென்றால் என்ன? பட்டையை மெல்லிசாக எடுக்க வேண்டும். கத்தி உள்மரத்தில் பட்டுவிடக்கூடாது. எவ்வளவு ஆழம் என்பதைக் கண்ணைவிடக் கைதான் அறியும். மடிப்பில் இரண்டு இழை மட்டும் எடு என்று நான் மற்றவர்களுக்குப் பத்து முறை சொன்னேன். அவருக்கு ஒரு முறைதான் சொன்னேன்.

நூலுக்கும் எண் அப்படித்தான். கூடக் கூட மெல்லிது. 50 அல்லது 60-ஆம் எண் பருத்தி நூல் நல்லது. சாதாரணத் தையல் கடை நூல் கொஞ்சம் தடிப்பு. மெல்லிய நூல் கிடைக்காவிட்டால், பூத்தையலுக்கு விற்கும் ஆறு இழை நூலில் ஓர் இழையைப் பிரித்துப் பழகலாம். வலு குறைவு, பழகுவதற்கு மட்டும்தான். நூலின் நிறம் மேலே வைக்கும் துண்டின் நிறத்தோடு சேர வேண்டும். கீழ்த்துணியின் நிறத்தோடு அல்ல. பச்சை இலையை வெள்ளைத் துணியில் வைத்தால் பச்சை நூல். வகுப்பில் பாதிப் பேர் இதில்தான் தவறினார்கள். நூலின் நீளம் ஒரு முழம். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. அடிக்கடி கோக்க வேண்டுமே என்று இரண்டு முழம் எடுத்தால் அது முறுக்கிக்கொள்ளும். துணியில் பலமுறை உரசிப் பாதியில் நைந்துபோகும்.

கத்தரிக்கோல் நாலைந்து அங்குல நீளத்தில் இருக்கட்டும். நுனிவரை கூர்மை வேண்டும். வாங்கும்போதே கைக்குட்டை ஓரத்தில் நுனியால் மட்டும் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். துணியைக் கடித்து இழுத்தால் வாங்க வேண்டாம். வாங்கிய பிறகு அதை வீட்டில் ஒளித்து வைப்பதுதான் பெரிய வேலை! பிள்ளைகள் காகிதம் வெட்ட எடுத்தால் முனை மழுங்கிவிடும்.

விரலில் மாட்டும் உலோகத் தொப்பியைத் தையல்காரர்கள் அங்குஸ்தான் என்பார்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பரவாயில்லை. குண்டூசி குட்டையாக இருக்கட்டும். நீண்ட குண்டூசியில் நூல் போய்ச் சுற்றிக்கொள்ளும். குண்டூசி தொந்தரவாகத் தோன்றினால், நடுவில் பெருந்தையல் நாலு போட்டுப் பிடித்து வைத்துவிட்டுக் கடைசியில் பிரித்துவிடுங்கள்.

இனித் துணி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பருத்தித் துணிதான் வேண்டும். பருத்தி மடித்தால் மடிந்து நிற்கும். பாலியெஸ்டர் கலந்த துணி மடிப்பிலிருந்து துள்ளி எழும். சந்தேகம் இருந்தால் இரண்டு இழைகளை உருவி, பிள்ளைகள் அருகில் இல்லாத இடத்தில், இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து பொடிச் சாம்பலானால் பருத்தி. உருகி, ஆறியபின் கடுகுபோல் உருண்டு கெட்டியானால் பாலியெஸ்டர். மிகவும் மெல்லிய வாயில் சேலையை ஒட்டாக வைத்தால் உள்ளே மடிந்த ஓரம் நிழலாகத் தெரியும். அதைப் போர்வையின் நடு அடுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். இழை தளர்ந்த துணி வெட்டியதும் பிரிந்துபோகும். பாப்ளின்போல நெருக்கமாக நெய்த துணி கற்பவர்களுக்கு ஏற்றது.

புதுத் துணியோ பழைய துணியோ, வெட்டுமுன் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். புதுத் துணி சுருங்கும். சாயமும் ஓடும், அதிலும் சிவப்பு ஓடும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தைப்பூசத்தின்போது பள்ளியில் மாட்டுவதற்காக, வெள்ளைத் துணியில் மயிலும் சிவப்பு வேலும் வைத்து மாணவர்கள் இரண்டு மாதம் தைத்தார்கள். முடிந்ததும், பென்சில் கோடுகள் போகட்டும் என்று நானே நனைத்தேன். காய்ந்தபோது மயிலின் கழுத்துவரை இளஞ்சிவப்பு. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். இப்போதெல்லாம் சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமாக்கி, வெள்ளைத் துணியின்மேல் வைத்து அழுத்தி ஓர் இரவு விட்டுப் பார்க்காமல் நான் கத்தரியை எடுப்பதில்லை.

வடிவம் வரைய வெளிப்பொருள் எதுவும் வேண்டாம். பழைய மணிலா அட்டை போதும். ஐஸ்கிரீம் டப்பா மூடி அதைவிட நன்று, ஓரம் தேயாது. தேய்ந்து மெலிந்த சோப்புத் துண்டு கருப்புத் துணியில் அருமையாகக் கோடு போடும், துவைத்தால் போய்விடும். வெளிர் துணிக்குப் பென்சிலை லேசாக ஓட்டினால் போதும். பந்துமுனைப் பேனாவைத் தொடவே கூடாது.

முதல் வடிவமாக எல்லோரும் இதயத்தையோ நட்சத்திரத்தையோ வெட்டச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதயத்தின் மேல்பள்ளம் புதியவர்களின் பொறுமையைச் சோதிக்கும். ரப்பர் இலையில் ஆரம்பியுங்கள். ஒரு காம்பில் மூன்று சிற்றிலை. ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் மெல்ல வளைந்து, நுனியில் கூராக முடியும். உள்வளைவே கிடையாது. 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்றென்று சொல்லப்படும் மரம் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. அந்த இலையை நம்மைவிட அதிகம் பார்த்தவர் யார்?

அட்டையில் ஒரு சிற்றிலையை வெட்டிக்கொள்ளுங்கள். துணியின் நல்ல பக்கத்தில் அதை வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலம், விட்டு வெட்டுங்கள். பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் அரை அங்குலம் விடுவார்கள். அது உள்ளே மடிந்து சுருண்டு மேடு தட்டும். கீழ்த்துணி நான்கு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். தைக்கத் தைக்க அது சற்று உள்வாங்கும். இலையை வைத்துப் பிடித்துக்கொண்டு, நுனியில் அல்லாமல் பக்கவாட்டில் ஆரம்பியுங்கள். ஒரு நேரத்தில் அரை அங்குலம் மட்டும் மடியுங்கள். கோடு மறைந்ததா என்று பாருங்கள். ஊசி கீழிருந்து மடிப்பின் விளிம்பு வழியே மேலே வரட்டும்; வந்த இடத்துக்கு நேர் அருகே கீழ்த்துணியில் இறங்கட்டும்; அடியில் அரைக்கால் அங்குலத்துக்கும் குறைவாக நகர்ந்து, மறுபடி விளிம்பில் எழட்டும். எம்மிங் போடும்போது சாய்வாகத் தெரியுமே, அந்தச் சாய்வு மேலே தெரியக்கூடாது. நகர்வது எல்லாம் அடியில். கூர்நுனிக்கு வந்ததும் ஒரு தையல் கூடுதலாகப் போட்டு, அடியில் மிஞ்சிய துணியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு, நுனியைக் கீழ்நோக்கி மடித்து, பிறகு மறுபக்கத்தை மடியுங்கள். முதல் இலையின் நுனி மொட்டையாகத்தான் வரும். பத்தாவது இலையில் கூராகும்.

பிற்பாடு உள்வளைவுள்ள வடிவத்துக்குப் போகும்போது, அந்த வளைவில் மட்டும், கோட்டுக்கு இரண்டு இழை முன்புவரை சிறு சிறு வெட்டுக் கொடுக்க வேண்டும். வெளிவளைவில் வெட்டக்கூடாது. மயில் தோகைக் கண்ணுக்கு வட்டம் வேண்டுமா? அட்டையில் வட்டம் வெட்டி, துணியின் ஓரத்தில் நூலோட்டி அதன்மேல் சுருக்கி இழுத்து, கஞ்சி தொட்டு இஸ்திரி போட்டு, ஆறியதும் அட்டையை உருவிவிடுங்கள். கஞ்சி போட்ட துணியை அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள்; கரப்பானுக்கும் பூச்சிக்கும் விருந்தாகும். தைத்து முடித்ததும் துவைத்துவிட வேண்டும். சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பசைத்தாளும் கடைகளில் கிடைக்கிறது. வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் துணி விறைத்துப்போகும், ஓரமும் நாளடைவில் பிரியும். அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

துணியைப் பற்றிப் பேசும்போது ஓர் அம்மையாரைச் சொல்லாமல் விட முடியாது. ஹேரியட் பவர்ஸ் என்று பெயர். 1837-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பருத்தித் தோட்டங்கள் நிறைந்த நாடு அது. விடுதலைக்குப்பின், பைபிள் கதைகளைப் பதினொரு கட்டங்களில், மனிதரும் விலங்கும் பறவையுமாகத் துணியில் வெட்டி, கையாலும் இயந்திரத்தாலும் ஒட்டுத் தையல் போட்டு ஒரு போர்வை செய்தார். 1886-இல் ஏதன்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அதை வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், கொடுக்க மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் வறுமை வந்தது. பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அதைப் பார்ப்பதற்காகவே அந்த ஆசிரியையின் வீட்டுக்குப் போய் வந்தாராம். அந்தப் போர்வை இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் பெரியம்மாவின் கைலிக்கு வருகிறேன். மூன்று வாரம் மாவு நிறத் துணியில்தான் தைத்தார். கைலியை நான் வெளியே எடுக்க விடவில்லை. நான்காவது வாரம் கறை இல்லாத இடங்களில் அட்டையை வைத்து வைத்துப் பார்த்தோம். பதினான்கு சிற்றிலைகள் தேறின. மூன்று மூன்றாக நான்கு கொத்து, மிச்சம் இரண்டு. காம்புக்கு மூலைவாட்டில் வெட்டிய மெல்லிய பட்டை. மூலைவாட்டில் வெட்டினால்தான் துணி இழுபட்டு வளைவுக்கு இணங்கும். பேத்தியின் தலையணை உறைக்கு அந்த நான்கு கொத்தும் சரியாக இருந்தன. மிஞ்சிய இரண்டை எனக்குக் கொடுத்தார். இன்னும் தைக்கவில்லை; நோட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

நம் பேராக் ஈரக்காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். தலைவாரும்போது உதிரும் முடியைச் சேர்த்து, சிறு துணிப்பையில் திணித்துத் தைத்துக்கொண்டால், அதில் குத்தி வைக்கும் ஊசி எளிதில் துருப்பிடிக்காது. கை வியர்த்தால் கொஞ்சம் பவுடர் தொட்டுக்கொள்ளுங்கள். வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடப்பக்கம் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். அடுத்த முறை பேசும்போது உள்வளைவுகளைப் பார்க்கலாம். அதற்குள் ரப்பர் இலை பத்தாவது தைத்து வையுங்கள்.